ஒன்றுமில்லாததற்கு இது தேவலை

ஜூன் 9, திங்கள்

மே மாதக் கடைசியில் ஒரு மாலை நான் சொன்னது என் கணவருக்கு நினைவிருக்கிறதா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழி இருப்பதாகவும் தோன்றவில்லை.

மறுநாள் காலை பல் துலக்கப் போனவர் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டே சரிந்தார். மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒன்றாகப் போயின. கால் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. கை திரும்பவில்லை. பேச்சில் மூன்று ஆங்கிலச் சொற்கள் மட்டும் வந்து சேர்ந்தன: பெட்டர் தேன் நத்திங்.

எத்தனையோ சொற்கள் இருக்க, அது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கத் திருநெல்வேலியிலிருந்து வரும் பெனிட்டா இதில் அதிசயம் ஒன்றுமில்லை என்கிறாள். சிலருக்கு ஒரு வசவு மட்டும் தங்குமாம், சிலருக்குச் சாமி பெயர். பஸ் கண்டக்டர் ஒருவருக்கு "உள்ள போ, உள்ள போ" மட்டும் தங்கியதாம். "அர்த்தத்தோட சொல்றாரா, சும்மா வருதான்னு நாம கண்டுபிடிக்கணும் மேடம். எப்போ, யார்கிட்ட, எதுக்குச் சொன்னார்னு எழுதி வைங்க." அதனால்தான் எழுதுகிறேன். கல்லூரியில் இத்தனை வருடமாக ஆங்கிலத் தொடர்களைக் கொடுத்து 'வாக்கியத்தில் அமைத்து எழுதுக' என்று பிள்ளைகளை வதைத்தவள் நான். இப்போது தொடர் என்னிடம் வந்திருக்கிறது.

அந்த மாலையைப் பற்றி: பணகுடிக்கு அப்பால் உள்ள ஒரு கல்லூரியில் எனக்கு முதல்வர் பதவி கிடைத்திருந்தது. ஆகஸ்டு ஒன்றாம் தேதி சேர வேண்டும். செய்தியை அவரிடம் சொன்னேன். அவர் ஒன்று சொன்னார். அதற்கு நான் இரண்டு விஷயம் சொன்னேன். நான் போகிறேன், அங்கேயே தனியாக இருந்துகொள்வேன், இந்த வீட்டுக்கு இனி திரும்புவதாக இல்லை என்பது முதலாவது. இரண்டாவதை எழுதத் தேவையில்லை. முதல் சாரல் விழுந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். இப்போது ஒருத்திக்கு மட்டுமோ என்னவோ.

அந்தக் கல்லூரிக்கு மறுப்பு எழுதவில்லை. வருகிறேன் என்றும் எழுதவில்லை.


ஜூன் 12, வியாழன்

காலையில் லஸ்கர் சுடலைமுத்து வந்தார். வாய்க்கால், மதகு பார்க்கும் ஊழியர். பொதுப்பணித்துறையில் பாசன இன்ஜினியரான இவருக்குக் கீழே பல வருடம் வேலை பார்த்தவர். தினமும் காலையில் அணைகளின் நீர்மட்டத்தை இவருக்குப் போனில் சொல்வது அவர் வழக்கம். இப்போது இவர் விடுப்பில் இருக்கிறார், அறிக்கை வேறொருவருக்குப் போகிறது. ஆனாலும் சைக்கிளை மிதித்து இலஞ்சி வரை வந்து, நனைந்த தலையோடு வாசலில் நின்று ஒப்பிக்கிறார்.

"ஐயா, குண்டாறு நெறய இன்னும் ரெண்டு அடி கெடக்கு. அடவிநயினார்ல வரத்து கொறச்சல்தான்."

இவர் நாற்காலியில் நிமிர்ந்து, "பெட்டர் தேன் நத்திங்" என்றார். கோப்பில் கையெழுத்துப் போடும் தோரணை.

"அப்படிச் சொல்லுங்க!" சுடலைமுத்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஐயாவுக்கு ஒண்ணும் ஆகலம்மா. ஆபீஸ்ல மட்டும் இதுக்கு மேல என்னத்தப் பேசினாவ?"

பதிவு: லஸ்கரிடம், நீர்மட்டம் குறித்து. பொருள்: பரவாயில்லை, இன்னும் வரும். அர்த்தத்தோடு சொன்னதாகவே தோன்றியது. ஆனால் கிளியும் சரியான நேரத்தில் ஒன்றைச் சொல்லிவிடும்.


ஜூன் 14, சனி

அவருடைய அக்கா செங்கோட்டையிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கிறார். பெயர் குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பெயர், ஆனால் குரல் குழல் அல்ல, அருவி. நான் மதினி என்பேன். விதவை, பிள்ளைகள் வெளியூர். இங்கே வந்ததில் ஒரு சுறுசுறுப்பு வந்துவிட்டது அவருக்கு.

இன்று அவர் தம்பிக்குக் கஞ்சி கொடுத்தார். இவர் ஒரு வாய் குடித்துவிட்டு, அதைச் சொன்னார். முகம் கோணியது. பொருள் எனக்கு விளங்கியது: இது கஞ்சியா, கழுநீரா?

"பாத்தியா உலகு, நல்லாருக்காம்" என்றார் மதினி என்னிடம், இன்னொரு அகப்பை ஊற்றியபடி.


ஜூன் 17, செவ்வாய்

மலை தெரியவில்லை. காலையிலிருந்து மேகம் வயல்வரை இறங்கி, தென்னைகள் இடுப்புக்கு மேல் இல்லாமல் நிற்கின்றன. இந்த ஊரில் ஜூன் மாதத்தில் எது வானம், எது தரை என்று ஒரு கட்டத்தில் பிரிக்க முடியாமல் போகும். மதியம் சமையலறை ஜன்னலில் நின்றபடியே கொஞ்ச நேரம் எங்கோ போய்விட்டேன். பால் பொங்கி அடுப்பு அணைந்த பிறகுதான் திரும்பினேன்.

நான் அறைக்குள் போனால் அவர் உதடுகளை உள்ளே மடித்துக்கொள்கிறார், மாத்திரைக்குப் பயந்த பிள்ளை மாதிரி. வாயில் புண்ணோ என்னவோ. டாக்டரிடம் கேட்க வேண்டும்.


ஜூன் 19, வியாழன்

மதினி இன்று பெனிட்டாவிடம் எங்கள் பெண் பார்த்த கதையைச் சொன்னார். அந்தக் கதையை இந்தக் குடும்பத்தில் கேட்காதவர்கள் இல்லை.

"பாளையங்கோட்டையில இவ வீடு. பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் ஆச்சு. வெளிய வந்து, ஏ லிங்கம், பொண்ணு எப்படி இருக்கான்னு கேக்கேன். இந்தப் பய என்ன சொன்னாங்க? பெட்டர் தேன் நத்திங்! ஜன்னல்ல நின்னு இவளும் கேட்டுட்டா. ஒரே சிரிப்பு அன்னைக்கு!"

பெனிட்டா சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். அவளுக்கு உதவியாக நானும் சிரித்தேன்.

மதினி அவரிடம் திரும்பி, "என்னலே, சொன்னியா இல்லியா?" என்றார். அவர் மதினியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். உதடு உள்ளே போய்விட்டது.

நான் முனைவர் பட்டம் வாங்கியபோதும் அதே. இந்த வீட்டுக்குக் கடைக்கால் போட்டபோதும் அதே. மகள் ஆதிரை பிறந்து, மூக்கு யாருடையது என்று ஊரே விவாதித்தபோதும் அதே. வகுப்பில் இந்தத் தொடர் வரும்போதெல்லாம் 'ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்று தமிழில் விளக்குவேன். பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்துவிடும். இலுப்பைப்பூவிடம் யாரும் கேட்டதில்லை.


ஜூன் 23, திங்கள்

துணி எதுவும் காயவில்லை. வீடு முழுக்கக் கொடி கட்டி, ஈர வேட்டிகளுக்கு நடுவே குனிந்து குனிந்து நடக்கிறோம்.


ஜூன் 24, செவ்வாய்

துணி காயவில்லை. டாக்டர் வாயைப் பார்த்துவிட்டார். புண் ஒன்றுமில்லை.


ஜூன் 28, சனி

புனேயிலிருந்து ஆதிரை வீடியோவில் பேசினாள். அப்பாவின் தொங்கிய கையைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள். வேலைக்குப் போன பிறகும் அவள் அழுகை எல்.கே.ஜி. அழுகைதான், மூக்கிலிருந்து தொடங்கும். அவர் திரையருகே குனிந்து, ஒவ்வொரு சொல்லாக, நடுவில் இடம் விட்டு, "பெட்டர்... தேன்... நத்திங்" என்றார். தலையைத் தடவிக் கொடுப்பது போல. அவள் அழுகையை நிறுத்திவிட்டு, "ஆமாப்பா" என்றாள்.

பதிவு: மகளிடம். பொருள்: இருக்கிறேன் அல்லவா.

இதைக் கிளி சொல்லாது என்று எழுதப் போனேன். வேண்டாம். அழுகிற குரலுக்கு நாய்கூட மெதுவாக வாலாட்டும்.

பிறகு என்னிடம், "அம்மா, அந்த வேலைக்கு நீ போ. அத்தை பாத்துக்கிறேங்கிறாங்க. அங்க குவார்ட்டர்ஸ் கூடத் தர்றாங்கல்ல? சனி ஞாயிறு வந்துட்டுப் போ" என்றாள்.

குவார்ட்டர்ஸ் உண்டுதான். தரைத்தளம், இரண்டு அறை. ஒருத்திக்கு அதிகம் என்று மே மாதத்தில் நினைத்திருந்தேன்.


ஜூலை 2, புதன்

மதினி ஒரு புது வழக்கம் தொடங்கியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் ஒரு காரியத்தில் முடிவுக்கு வர முடியாவிட்டால் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், அம்மன் முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. மதினி இப்போது கோயில்வரை போவதில்லை. தம்பியிடம் கேட்கிறார்.

"தம்பி, மேலகரத்து வைத்தியர்கிட்ட எண்ணெய் வாங்கவா?"

"பெட்டர் தேன் நத்திங்."

"வாங்கச் சொல்லிட்டான்."

எண்ணெய் வந்துவிட்டது. வீடே நாறுகிறது. நேற்று கீழ்வீட்டுச் சங்கரி தன் மகளின் வரனைப் பற்றிக் கேட்க வந்தாள். இவர் சொன்னார். அவள் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. வாசலில் செருப்புகள் கூடிவருகின்றன.

இன்று மதியம் மதினி அதைக் கேட்டேவிட்டார். நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"லிங்கம், நல்லாக் கேட்டுக்கோ. உலகு அந்தப் பணகுடி வேலைக்குப் போகட்டுமா?"

அவர் சொன்னார்.

"உலகு! போகச் சொல்லுதான்!"

நான் அறை வாசலுக்கு வந்து, "போக வேண்டாமா என்று கேட்டுப் பாருங்கள் மதினி" என்றேன், வாசற்படியைத் தாண்டாமல்.

"போக வேண்டாமாலே?"

அவர் வாய் பாதி திறந்தது. நான் நிற்பதைக் கண்டதும் மூடியது.

"பாத்தியா, அதுக்குப் பதிலே சொல்லல. அப்போ போகத்தான் சொல்லுதான்" என்றார் மதினி. "நீ போ. நான் இவனை செங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போயிருதேன். எனக்கும் வீட்டுல பேச்சுத்துணை ஆச்சு."

பேச்சுத்துணை.


ஜூலை 5, சனி

கனவு. எங்கள் கல்லூரியில் ஒரு மழைநாள் வகுப்பு. அவர் பாடம் நடத்துகிறார், நல்ல தமிழில், நீண்ட நீண்ட வாக்கியங்களில். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று எப்படி நுழைகிறது, மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு மிச்சத்தை எப்படி இங்கே சாரலாகத் தூவுகிறது என்று. முதல் பெஞ்சில் நான் குறிப்பெடுக்கிறேன். பேனா ஓடிக்கொண்டே இருக்கிறது, தாள் ஈரமாகிக்கொண்டே இருக்கிறது. மிச்சம்தான் நமக்கு என்றார் ஓர் இடத்தில். அதற்குப் பிறகு சொன்னது முக்கியமானது என்று மட்டும் தெரிந்தது. விழித்தபோது பின்கட்டுத் தகரக் கூரையில் சாரல். முக்கியமானது என்ன என்று பகல் முழுக்க யோசித்தேன்.

அவர் இவ்வளவு பேசி நான் கேட்டது கனவில்தான். நோய்க்கு முன்னாலும்.


ஜூலை 8, செவ்வாய்

குண்டாறு நிறைந்து வழிகிறதாம். சுடலைமுத்து லட்டு கொண்டுவந்தார். இவர் தன் தொடையில் இடது கையால் அறைந்து அதைச் சொன்னார், சீட்டியடிக்கும் இளவட்டம் மாதிரி.


ஜூலை 10, வியாழன்

பெனிட்டா இன்று கேட்டாள். "லஸ்கர்கிட்ட ஒரு மாதிரி சொல்றார், அத்தைகிட்ட கிண்டலா சொல்றார், பாப்பாகிட்ட ஆறுதலா. அர்த்தம் இருக்கு மேடம், எனக்குச் சந்தேகமே இல்ல. உங்ககிட்ட எப்படிச் சொல்றார்?"

"என்னிடம் சொல்வதில்லை."

"குறைவா சொல்றாரா?"

"ஒருமுறைகூட இல்லை."

பேனா மூடியைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். சின்னப் பெண். ஆதிரையை விட மூன்று நான்கு வயது மூத்தவளாக இருந்தால் அதிகம்.

"அது எப்படி மேடம்? இது தும்மல் மாதிரி, தானா வரும். பக்கத்துல இருக்கிறவங்ககிட்டதான் ஜாஸ்தி வரும். சொல்றதுக்கு அவருக்கு ஒரு கஷ்டமும் இல்ல. சொல்லாம இருக்கத்தான் கஷ்டம்."

அவருக்கு என்மேல் கோபமாக இருக்கலாம் என்றேன்.

"கோவம்னா இன்னும் நல்லா வருமே" என்றாள்.

தும்மல் சரியான உவமைதானா என்று தெரியவில்லை.


ஜூலை 16, புதன்

பணகுடிக் கல்லூரியிலிருந்து போன். வருகிறீர்களா என்றார்கள், மிகவும் மரியாதையாக. வருகிறேன் என்றேன். வாய் சொல்லிவிட்ட பிறகுதான் நான் கேட்டேன்.

மதினி உடனே சாமான் கட்ட ஆரம்பித்துவிட்டார். செங்கோட்டை வீட்டில் தம்பிக்குக் கட்டில் எங்கே, டி.வி. எங்கே என்று ஊருக்கு வந்திருக்கும் கடைசி மகனிடம் போனில் கட்டளைகள். "தெக்கு ரூம்ல போடு. ஜன்னல் இல்லேன்னா என்ன, சாரல் அடிக்காதுல்லா."

அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.


ஜூலை 21, திங்கள்

ஒரு சோதனை. இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வேறு பெயர் இல்லை.

காலையில் மதினி காப்பி கொடுக்கும்போது நான் கூடத்துத் தூணுக்குப் பின்னால், தொங்குகிற ஈரப் புடவைகளுக்கு நடுவே நின்றேன். அவருக்கு நான் தெரியமாட்டேன். காப்பி வாய்க்குப் போனது. "பெட்டர் தேன் நத்திங்." இன்னொரு மடக்கு. "பெட்டர் தே" என்று தொடங்கும்போது நான் புடவையை விலக்கி வெளியே வந்தேன்.

அவர் நிறுத்தினார். நின்றுவிடவில்லை, நிறுத்தினார். மிச்சச் சொல் தொண்டையில் முட்டுவது கழுத்தில் தெரிந்தது. இடது கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். காப்பி வேட்டியில் கொட்டியது.

"என்னலே, சுட்டுட்டா?" என்று பதறினார் மதினி.

ஒரு நிகழ்வை வைத்து முடிவு கட்டக் கூடாது. மாலையில் மறுபடி செய்தேன். அதேதான். கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு, முக்கி அடக்கியதில்.

மூன்றாம் முறை செய்யவில்லை.


ஜூலை 22, செவ்வாய்

வெயில். ஒரு மணி நேரம் போல. எல்லாத் துணியையும் மாடிக்குக் கொண்டுபோனோம். திரும்ப எடுக்கும்போது நனைந்திருந்தன.


ஜூலை 27, ஞாயிறு

ஒன்றும் எழுதாமல் நாட்கள் போய்விட்டன. மேகம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது போலிருக்கிறது. பேசும்போது மதினியின் குரல் தூரத்தில் கேட்கிறது.

இரண்டாவது விஷயத்தை எழுதிவிடுகிறேன்.

அன்று மாலை முதல்வர் பதவியைப் பற்றிச் சொன்னேன். அவர் சாரலைப் பார்த்தபடி, "பெட்டர் தேன் நத்திங்" என்றார். நான் கோபப்படவில்லை. குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் பேசுவது போலத்தான் பேசினேன். இனி இங்கே திரும்பப் போவதில்லை என்றேன். பிறகு, "இன்னொன்று. போகும்வரை, அந்த வார்த்தையை என்னிடம் சொல்லாதீர்கள். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். என்னிடம் மட்டும் வேண்டாம்" என்றேன்.

சொன்னது தவறு என்று இப்போதும் நினைக்கவில்லை. அன்றைக்கு அவரிடம் வேறு எவ்வளவோ வார்த்தைகள் இருந்தன.

முதல் நாள் எழுதிய கேள்விக்கு இப்போது பதில் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அவருக்கு என்னைக் கண்டால் பயம் என்பதுகூட இந்தத் தகவல்களோடு பொருந்தும். உள்ளது அந்த மூன்று சொற்கள், அதையும் ஒருவர் ஒரு ஆளுக்காகத் தின்று தின்று விழுங்குகிறார் என்பதும் பொருந்தும். எது என்று யார் சொல்வது?

சுடலைமுத்து அன்றொரு நாள் சொன்னார்: "கோடை முழுக்க வாய்க்கால் காஞ்சு கெடந்து, கடைமடைக்கு ஒரு சாண் தண்ணி வந்தன்னைக்கும் ஐயா இதத்தான்மா சொன்னாவ. செருப்பக் கழத்திட்டு தண்ணிக்குள்ள எறங்கி நின்னு சொன்னாவ." அவருக்கு இவர்மேல் பிரியம். பிரியமுள்ளவர் சாட்சியத்தைப் பாதியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பாதி என்றாலும்.


ஜூலை 30, புதன்

பெட்டி கட்டினேன். நான்கு புடவை ஈரமாகவே உள்ளே போயின.


ஜூலை 31, வியாழன்

மாலையில் மதினி கோயிலுக்குப் போயிருந்தார். அவர் ஜன்னல் பக்கம் இருந்தார். சாரல் சத்தமில்லாமல், விழுகிறதா மிதக்கிறதா என்று தெரியாமல் இருந்தது. மலையில் மேகம் கொஞ்சம் விலகி அருவி ஒரு வெள்ளை நூலாகத் தெரிந்தது, உடனே மறைந்தது. இந்த மாதிரி மாலைகளில் நாங்கள் இருவரும் பல வருடங்கள் இதே ஜன்னலில் பேசாமல் இருந்திருக்கிறோம். அது பேசாமல் இருந்ததாகவே எனக்கு அப்போது தோன்றியது.

எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உதடு உள்ளே போனது.

"நாளை காலை நான் கிளம்புகிறேன்" என்றேன். "உங்களை ஞாயிற்றுக்கிழமை மதினி செங்கோட்டைக்குக் கூட்டிப் போவார்கள்."

அவர் இடது கையால் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்று ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டாம் என்றேன். ஞாபகம் இருந்தால், அதை விட்டுவிடுங்கள். சொல்லலாம். என்னிடமும் சொல்லலாம்."

காத்திருந்தேன். விளக்குப் போடும் வேளை வந்துவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். உதடு உள்ளேயே இருந்தது.

அவ்வளவுதான். புரியவில்லை, அல்லது வேண்டாம். இரண்டில் எதுவானாலும் கார் ஏழு மணிக்கு வரும்.


ஆகஸ்டு 1, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

குளித்துவிட்டு வந்தபோது அவர் கட்டிலில் இல்லை. கூடத்தில் வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். இடது கையால் தானே போட்டது. பொத்தான் ஒன்று தவறி, ஒரு பக்கம் காலர் காதைத் தொட்டது. காலில் செருப்பு. மடியில் ஆபீசுக்குக் கொண்டுபோகும் கறுப்புக் குடை.

மதினி அடுக்களையிலிருந்து ஓடிவந்தார். "ஏ லிங்கம், எங்கல கெளம்பிட்ட? ஞாயித்துக்கெழமைதான நாம போறது? கழட்டு, கழட்டு. ஈரத்துல செருப்ப மாட்டிக்கிட்டு..."

அவர் குடையைப் பிடித்துக்கொண்டார். மதினி இழுக்க, அவர் விடவில்லை. வெளியே கார் ஹாரன் அடித்தது.

நான் அவர் முன்னால் போய் நின்றேன். என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருக்கவில்லை.

"அங்கே சாரல் கிடையாது" என்றேன். "வெறும் காற்றுதான். நாள் முழுக்கக் காற்று. வீடும் சின்னது. இரண்டே அறை. பகலில் நான் வேலைக்குப் போய்விடுவேன், ஓர் ஆளை ஏற்பாடு செய்யும்வரை என் ஆபீஸ் வராந்தாவில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்."

அவர் உதட்டை வெளியே விட்டார். வெளுத்துப் போயிருந்தது. நாக்கால் ஒருமுறை நனைத்துக்கொண்டார்.

"பெட்டர் தேன் நத்திங்" என்றார், என்னிடம்.

மதினி கைகளை விரித்தார். "கேட்டியா? வரமாட்டேங்கான். அவனுக்கு இந்த ஊர்தான். நீ நேரத்தோட கெளம்பு."

"இல்லை மதினி" என்றேன். "வருகிறேன் என்கிறார்."

மதினி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போய், அந்த நாறும் எண்ணெய்ப் புட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். "காலையும் ராத்திரியும் ரெண்டு வேளை சூடு பறக்கத் தேய்க்கணும். அவன் வேண்டாம்னாலும் கேக்காத." குரல் அருவியாக இல்லை.

அவரை டிரைவரும் நானுமாகத் தாங்கி முன்சீட்டில் உட்கார வைத்தோம். கடையம் தாண்டும்வரை சாரல் கூடவே வந்தது. களக்காட்டுப் பக்கம் ஈரம் விட்டுப்போய், பணகுடிக்கு முன்னால் வெயில் அடித்தது. பிறகு காற்று. காரையே ஒரு பக்கமாகத் தள்ளியது. இருபுறமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன, மெதுவாக, தூக்கத்தில் சுற்றுவது போல. அவர் கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். கோணலான காலர் படபடவென்று அடித்தது. பொத்தானைச் சரிசெய்யவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

முற்பகலில் பொறுப்பேற்றேன். அவர் வராந்தாவில் குடையோடு உட்கார்ந்திருந்தார். முதல்வரைப் பார்க்க வந்த பெற்றோர் இரண்டு பேர் அவரைப் பார்த்து எழுந்து நின்றார்களாம்.

மாலையில் குவார்ட்டர்ஸ் திறந்தோம். கூடம் நிறையத் தூசி. ஈரப் புடவைகளைக் கொடியில் போட்டேன். போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிட்டன என்றால் மிகை, ஆனால் கிட்டத்தட்ட அப்படித்தான். அவர் சுவரைப் பிடித்து நடந்து சமையலறை வாசலில் வந்து நின்றார். நான் குழாயைத் திறந்தேன். கொஞ்சம் இருமியது. பிறகு நூல் போலத் தண்ணீர் வந்தது.

நீர்ப்பாசனக்காரர் அந்த நூலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உதடு உள்ளே போகவில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் அதைச் சொல்லிவிட்டேன்.